பழைய பிக்கப் வாங்குபவருக்கு: கழற்றும் முன் ஓட்டுங்கள்

விற்பனைக்கு வரும் பழைய பிக்கப்களில் ஒரு வகை உண்டு. கேபின் மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும். பின்தொட்டி சுவரோரம் சாய்ந்திருக்கும். என்ஜின் தார்ப்பாய்க்குள் கிடக்கும். ஏழெட்டு அட்டைப்பெட்டி நிறைய நட்டும் போல்ட்டும். "எல்லா சாமானும் இருக்குங்க, மாட்டுனா ஓடும்" என்பார் விற்பவர். அவர் சொல்வது பொய்யில்லை. ஆசையாக வாங்கி, ஒரே வாரத்தில் கடைசி போல்ட் வரை கழற்றி, பிறகு வேலை, வீடு, பிள்ளை குட்டி என்று குறுக்கே எல்லாம் வந்து, நான்கு வருடம் கழித்து பாதி விலைக்கு விற்க நிற்கிறார். என் முதல் வண்டியை நானும் அப்படித்தான் விற்றேன். அதை வாங்கிப்போனவரும் இன்னும் மாட்டி முடிக்கவில்லை என்று கேள்வி.

அதனால் நான் கீழே எழுதியிருப்பதெல்லாம் ஒரே பிடிவாதத்திலிருந்து வருகிறது: வண்டி எப்போதும் வண்டியாகவே இருக்கட்டும். இன்று கழற்றியதை இந்த மாதத்துக்குள் மாட்டிவிட முடியும் என்றால் மட்டும் கழற்றுங்கள்.

எந்த வண்டி?

முதல் கேள்வி அழகு அல்ல, உதிரிபாகம். உற்பத்தி எண்ணிக்கை அதிகமாக இருந்த மாடலுக்குத்தான் இன்றும் சாமான் கிடைக்கும். ஃபோர்டின் எஃப் வரிசை 1948-ல் தொடங்கியது, அதில் எஃப்-100 என்ற பெயர் 1953-ல் வந்தது. செவர்லேயின் சி-10, 1968 முதல் வரும் டொயோட்டா ஹைலக்ஸ், 1970-களின் டாட்சன் 620 இவையெல்லாம் உலகம் முழுக்க ஓடியவை. அமெரிக்க வண்டிகள் பலவற்றுக்குக் கதவு ரப்பர் முதல் கேபின் மூலைத் தகடு வரை புதிதாக அடித்து விற்கிறார்கள். இதற்கு மாறாக, அழகாக இருக்கிறதே என்று யாரும் வைத்திருக்காத ஒரு மாடலை வாங்கினால், உடைந்த ஒரு பின்விளக்குக் கண்ணாடிக்காக ஒரு வருடம் அலைய நேரும். வாங்கும் முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள்: அந்த மாடலுக்கு முன்கண்ணாடி ரப்பர், சக்கரத்துப் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர், வாட்டர் பம்ப் மூன்றும் விற்பனைக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்றில் இரண்டு அகப்படவில்லை என்றால் அந்த மாடலை மறந்துவிடுவது நல்லது.

அலுமினிய பாடி என்றால் துருவே இல்லை என்று நினைக்கவேண்டாம். 1948-லிருந்து லேண்ட் ரோவரின் மேல்தகடு அலுமினியக் கலவை, அடியில் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், எஃகு. இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். சேசிஸ் உள்ளிருந்து அழுகும்.

வண்டியை எதற்கு வாங்குகிறீர்கள் என்பதையும் உண்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். வார இறுதியில் ஓட்டவும் அவ்வப்போது சுமை ஏற்றவும் என்றால், வெயிலில் வெளுத்த பழைய பெயின்ட்டோடு ஓடினாலே போதும். கண்காட்சியில் நிறுத்த என்றால் அது வேறு தொழில், வேறு பணப்பை. புதியவர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

காகிதம்

பதிவு ஆவணத்தில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றா? இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 1981 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் விற்ற வண்டிகளுக்கு அடையாள எண் 17 இலக்கம். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. அதற்கு முந்தைய வண்டிகளில் எண் குட்டையாக இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி அமைப்பு மாறும். கதவுத் தூணில் ஆணி அடித்த தகட்டிலும், பெரும்பாலும் சேசிஸ் சட்டத்திலும் பொறித்திருப்பார்கள். சேசிஸ் எண் இருக்கும் இடத்தில் புதுப் பெயின்ட், தேய்த்த தடம், வெல்டிங் என்று ஏதாவது இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஆவணம் இல்லாத வண்டிக்கு எவ்வளவு குறைத்தாலும் அது விலைக் குறைப்பு அல்ல, தலைவலிக்கான முன்பணம்.

பார்க்கப் போகும்போது

பழைய துணி உடுத்துங்கள், ஏனென்றால் வண்டிக்கு அடியில் படுக்கப்போகிறீர்கள். டார்ச், சின்ன சுத்தியல், தட்டை முனை ஸ்க்ரூடிரைவர், மெல்லிய துணி சுற்றிய காந்தம், அளவு டேப். பகல் வெளிச்சத்தில் போங்கள். மழையில் நனைந்த வண்டி எந்தப் பெயின்ட்டையும் அழகாகக் காட்டும்.

என்ஜினை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எல்லாரும் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார்கள், விற்பவருக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் என்ஜினை இறக்கி இன்னொன்றை ஏற்றலாம். அழுகிய சேசிஸையும் கேபினையும் சரிசெய்வதற்கு ஆகும் நாளை நினைத்தால் என்ஜின் வேலை சுகமாகத் தோன்றும். ஆகவே வண்டியை அடியிலிருந்து மேலே பாருங்கள்.

சேசிஸ் சட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். உள்ளே அழுகியது பொத்தென்று அடங்கும். பட்டை ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், பின் அச்சுக்கு மேல் சட்டம் வளையும் இடம், குறுக்குச் சட்டம் ரிவெட் அடித்த மூலைகள் ஆகிய மூன்றிலும் சேறு தங்கும், அங்கே கூடுதல் நேரம் செலவிடுங்கள். தட்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் ஓட்டை உங்களால் வந்ததல்ல, அது ஏற்கனவே இருந்தது. இருந்தாலும் அழுத்தும் முன் விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. புதிதாகத் தார் போல் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அது எதை மறைக்கிறது என்று கேளுங்கள். பிறகு டேப்பை எடுத்து, முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், எதிர்ப்புறமாகவும் ஒரே துளைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் வண்டி எங்கோ பலமாக இடித்திருக்கிறது.

அடுத்து கேபின். பிக்கப் கேபின் எங்கே அழுகும் என்பது ஏறக்குறைய எல்லா மாடலுக்கும் ஒன்றுதான்: பின் மூலைகளின் அடிப்பாகம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, கேபினைச் சேசிஸோடு பிணைக்கும் தாங்கிகள், கால் வைக்கும் தரை, கூரை ஓரத்து நீர்க்கால். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் கதவு வழியாக வந்ததல்ல. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பெட்டியில் இலையும் மண்ணும் அடைத்து, தகடு ஓட்டையாகி, அங்கிருந்து இறங்குகிறது. அந்தப் பெட்டிக்குள் கை போகாது, வெல்டிங் கம்பியும் சுலபத்தில் போகாது. மற்ற எல்லாத் துருவையும் பேரம் பேசலாம், இதை மட்டும் நான் யோசிக்காமல் வாங்கமாட்டேன்.

காந்தத்தை மட்கார்டிலும் கதவின் அடியிலும் தொட்டுக்கொண்டே வாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி (ஓட்டையையும் பள்ளத்தையும் மறைக்கப் பூசும் பசை) இருக்கிறது. ஓர் இடத்தில் கொஞ்சம் பட்டி இருப்பது சாதாரணம். கேபின் மூலை முழுக்கப் பட்டி என்றால் அடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. பின்தொட்டியின் தரையும் பக்கச் சுவரும் அடி வாங்கியிருக்கத்தான் செய்யும். அது வேலை செய்த வண்டி. அதற்கு அதிகம் கவலை வேண்டாம், பிக்கப்பில் சுலபமாக மாற்றக்கூடிய பாகம் தொட்டிதான்.

இப்போது பானெட்டைத் திறக்கலாம்

முதல் வேலை, என்ஜின் சைலன்ஸர் குழாயின் தொடக்கத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும். வேறு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஆயில் அளவுக் குச்சியை உருவுங்கள். மோர் போல வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்தபின் திறந்து, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப்புகை வெறும் ஈரம். நிற்காத வெள்ளைப்புகை தண்ணீர் எரிவது. நீலம் ஆயில் எரிவது. கறுப்பு கார்புரேட்டர் அதிகமாக ஊற்றுவது, அது சின்ன விஷயம்.

விற்பவர் அனுமதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மானியைப் போட்டுப் பாருங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கைந்து சுற்று. தனி எண்ணைவிட எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முக்கியம்; 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று குறைவாக இருந்தால் அதில் ஒரு கரண்டி ஆயிலை ஊற்றி மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்படியே நின்றால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கட் (என்ஜின் பிளாக்குக்கும் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்பு). டீசல் வண்டிக்கு இந்த மானி தாங்காது, அதிக அழுத்தத்துக்கான மானி தனியாக வேண்டும்.

ஓட்டிப் பார்க்க முடிந்தால் இரண்டாம் கியரில் வேகமெடுத்து, சட்டென்று காலை எடுங்கள். கியர் தானாக நழுவினால் பெட்டிக்குள் தேய்மானம். முதல் கியர் மட்டும் கறகறவென்றால் பயப்படவேண்டாம். பழைய நான்கு கியர் லாரிப் பெட்டிகள் பலவற்றில் முதல் கியருக்குச் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமமாக்கிச் சத்தமில்லாமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது, அது சுமையோடு மேடேறுவதற்கு வைத்தது, சாதாரணமாக இரண்டில்தான் கிளம்புவார்கள். நிறுத்தியபின் முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கும்போது இன்னொருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங், அதை இறுக்கிவிடலாம். மிதித்தும் ஆடினால் சக்கரம் திரும்பும் இணைப்பான கிங்பின்னோ பால் ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கிறது.

ஓடாத வண்டியை ஓடாத வண்டி விலைக்குத்தான் வாங்கவேண்டும். "பேட்டரி போட்டா ஸ்டார்ட் ஆயிடும்" என்பவரிடம் பேட்டரியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அவ்வளவு சுலபமென்றால் அவரே போட்டிருப்பார். விலை பேசும்போது டயர், பிரேக், பெட்ரோல் டேங்க், பேட்டரி, ஒயரிங் இந்த ஐந்துக்கும் ஆகும் செலவை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். வெளியே எப்படி இருந்தாலும் பல வருடம் நின்ற வண்டிக்கு இந்த ஐந்தும் தேவைப்படும். கையிலுள்ள மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு வருவது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கடன் கேட்பது போல. பாதியாவது மிச்சம் வையுங்கள்.

வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? டிரெய்லரில், அல்லது தட்டை லாரியில். பிரேக் தெரியாத வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. பின்சக்கரம் தரையில் உருளும்படி தூக்கி இழுத்தே ஆகவேண்டும் என்றால் கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள். என்ஜின் ஓடாமல் பின்சக்கரம் மட்டும் சுற்றினால் பல கியர்பெட்டிகளில் மேல் பேரிங்குகளுக்கு ஆயில் ஏறாது.

முதல் வாரம்: ஸ்பேனரைத் தொடாதீர்கள்

கழுவுங்கள். அடிப்பக்கத்தையும் கழுவுங்கள். பிறகு படமெடுங்கள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு ஒயர் இணைப்பும், கார்புரேட்டர் நெம்புகோலும், எந்த போல்ட்டில் எத்தனை வாஷர் என்பதும். கேபினுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பார்த்த குறைகளை எல்லாம் எழுதுங்கள். இந்த மாடலுக்கான கம்பெனியின் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தேடி வாங்குங்கள். பொதுவான கையேடு போதாது, இறுக்க அளவும் ஒயரிங் வரைபடமும் கம்பெனிக் கையேட்டில்தான் சரியாக இருக்கும்.

ஸ்பேனர் செட் வாங்கும் முன் திருகு எந்த அளவு என்று பாருங்கள். ஜப்பான் வண்டி மில்லிமீட்டர். பழைய அமெரிக்க வண்டி அங்குலம். பழைய பிரிட்டிஷ் வண்டியில் விட்வொர்த் இருக்கலாம், அதன் மரை கோணம் 55 டிகிரி, மற்றவை 60. நட்டு ஏறுவது போலத் தெரியும், இரண்டு சுற்றில் மரையைத் தின்றுவிடும்.

டயர் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே எண் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர். டயரின் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதில் ஏறாதீர்கள். இன்னொன்று: சில பழைய லாரிகளில் ரிம்மோடு ஒரு வளையம் தனியாக மாட்டியிருக்கும். காற்றடிக்கும்போது அந்த வளையம் தெறித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதைக் கூண்டு வைத்திருக்கும் டயர் கடையில் கொடுங்கள், வீட்டில் தொடவேண்டாம்.

நிற்க வை, பிறகு ஓட வை

வரிசை இதுதான்: பிரேக், பிறகு பெட்ரோல், பிறகு மின்சாரம், அதற்கப்புறம் என்ஜின். ஆர்வத்தில் எல்லாரும் என்ஜினில் தொடங்குகிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒரு சுற்றுச் சுற்றிவரத் தோன்றும், அந்தச் சுற்றில்தான் பிரேக் இல்லை என்று தெரியவரும்.

தூக்கும் இடம் கெட்டித் தரையாக இருக்கட்டும். எதிர்ச்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்து, வண்டியைத் தோளால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போகவேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி ஒரு நிமிடம் கூட வேண்டாம். செங்கல்லும் கூடாது, அது சொல்லாமல் உடையும்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்சிலும் கல்நார் இருந்தது, அந்தத் தூசி நுரையீரலில் தங்கும். முகமூடி போட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்துத் துடையுங்கள். வீல் சிலிண்டர்களையும் ரப்பர் ஹோஸ்களையும் நல்லது கெட்டது பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி வால்வு போல அடைத்து, மிதித்த பிரேக்கை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புக் குழாய்களில் செதில் தெரிந்தால் அவையும் போகட்டும். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 இரண்டும் ஒரே குடும்பம், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பெயின்ட்டை அரிக்கும். டாட் 5 சிலிக்கான், அதை இவற்றோடு கலக்கக்கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அசலைவிட்டு மாற்றுங்கள் என்பேன். பழைய பிக்கப்களில் மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுப்பது) ஒற்றைச் சுற்றாக இருக்கும். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஃபோர்டும் செவர்லேயும் தங்கள் பிக்கப்களில் 1967 மாடலில் இரட்டைச் சுற்றுக்கு மாறின. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றுக்கு மாற்றுத் தொகுதி கிடைக்கிறது. அசல் தன்மை கெடுகிறது என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பெட்ரோல் டேங்கைத் திறந்து மோந்து பாருங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் பழைய பெட்ரோல் கெட்டியாகிவிட்டது. வடித்து, டேங்கை இறக்கிச் சுத்தம் செய்யவேண்டும். காலியான டேங்க்தான் நிறைந்ததைவிட ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி. வீட்டில் அதை வெல்டிங் செய்யவோ கிரைண்டரால் தொடவோ கூடாது. 1972 வரை வந்த பல செவர்லே பிக்கப்களில் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும். ஒரு பழைய ஹோஸ் கசிந்தால் பெட்ரோல் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது என்று பொருள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுப்பதால் எல்லா ஹோஸையும் அதைத் தாங்கும் புது ரகத்துக்கு மாற்றுங்கள்.

ஈயமில்லாத பெட்ரோலில் பழைய என்ஜின் ஓடுமா என்ற கேள்வி அடிக்கடி வரும். உலகத்தில் ஈயம் கலந்த வாகனப் பெட்ரோல் 2021-ல் முற்றிலும் நின்றது, ஆகவே வேறு வழியும் இல்லை. ஈயம் வால்வு இருக்கைகளை (வால்வு மூடும்போது வந்து உட்காரும் விளிம்புகளை) தேய்மானத்திலிருந்து காத்தது. நிதானமாக ஓட்டினால் பல வருடம் ஒன்றும் ஆகாது; என்றாவது ஹெட்டை இறக்கும்போது கடினமான இருக்கைகளைப் போட்டுக்கொள்ளலாம்.

மின்சாரத்தில் முதல் கேள்வி, 6 வோல்ட்டா 12 வோல்ட்டா? ஃபோர்டு பிக்கப்கள் 1956 மாடலில்தான் 12 வோல்ட்டுக்கு வந்தன. அதற்கு முந்தைய ஃபோர்டுகளில் சேசிஸோடு சேர்வது பாசிட்டிவ் முனை. பழக்க தோஷத்தில் நெகட்டிவை மாட்டினால் ரேடியோவோ டைனமோவோ போகும். ஒயரின் மேல் துணி உறை இருந்தால் வளைத்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை, முழு ஒயரிங்கையும் மாற்றவேண்டும். மாற்றும் வரை ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பேட்டரி முனையைக் கழற்றிவையுங்கள்.

நின்றுபோன என்ஜினை எழுப்புவது

இதுதான் எல்லாரும் காத்திருக்கும் கட்டம், ஆகவே நிதானம். பிளக் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையோ துரு இளக்கும் எண்ணெயையோ ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீளமான கைப்பிடியை மாட்டிக் கையால் அசையுங்கள். அசையவில்லையா, மறுபடி ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். முன்னும் பின்னுமாகச் சின்ன அசைவு போதும். ஒரு நூலிழை அசைந்துவிட்டால் மிச்சமும் வரும். செல்ஃப் மோட்டாரால் முறுக்கினால் சிக்கிய ரிங் உடையும்.

இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றியபின் வால்வு மூடியைக் கழற்றி, இன்னொருவரைச் சுற்றச் சொல்லி, எல்லா வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஒன்று மேலே வராமல் சிக்கியிருந்தால் அப்படியே ஸ்டார்ட் செய்வது புஷ்ராடை (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியை) வளைத்துவிடும். இந்த ஒரு நிமிட வேலையைத் தாண்டிப் போய் நான் இரண்டு புஷ்ராடுகளுக்குக் காசு கொடுத்திருக்கிறேன்.

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிளக் இல்லாமலே, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, செல்ஃப் மோட்டாரால் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றி, ஆயில் அழுத்த முள் எழும் வரை பாருங்கள். அதன்பிறகு பிளக் போடலாம். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் தீப்பொறியை இயக்கும் பாயின்ட் முனைகளை மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து, கையேட்டில் உள்ள இடைவெளியை வையுங்கள். பல வருடம் நின்ற வண்டி தீப்பொறி தராததற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். ரேடியேட்டரில் தண்ணீர். பெட்ரோலை டேங்கிலிருந்து எடுக்காமல், சூடான குழாய்க்கும் பேட்டரிக்கும் தள்ளி வைத்த சின்ன டப்பாவிலிருந்து பம்புக்குக் கொடுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். ஏர் ஃபில்டருக்கு மேல் குனிந்து பார்க்காதீர்கள், கார்புரேட்டர் எதிர்த்து வெடித்தால் புருவம் மிஞ்சாது.

ஸ்டார்ட் ஆனதும் முதல் பார்வை ஆயில் அழுத்தத்துக்கு, சத்தத்துக்கு அல்ல. சில விநாடியில் முள் எழவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். எழுந்தால் கொஞ்ச நேரம் ஓடட்டும், புகை மண்டலமாக இருக்கும், ஊற்றிய எண்ணெய் எரிகிறது. பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வட்ட மூடிகள் உள்ளிருந்து துருப்பிடித்துக் கசியும், அவற்றைக் கவனியுங்கள். நன்றாகச் சூடானபின் அணைத்து, ஆயிலை மறுபடி வடித்துவிடுங்கள். முதலில் வந்ததைவிட இது கறுப்பாக வரும், பல வருடச் சேறு கரைந்தது.

துரு வேலை: ஒரு நேரத்தில் ஒரு மூலை

வண்டி ஓடுகிறது, நிற்கிறது. இனிதான் தகடு. நோட்டைத் திறந்து, மோசமான ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

துருப்பிடித்த போல்ட்டை எடுத்த எடுப்பில் திருகாதீர்கள். மூன்று நாள் எண்ணெய் விட்டு, ஆறுமுனை சாக்கெட்டைப் போட்டு, முதலில் ஒரு நூல் இறுக்குங்கள். அந்த 'டிக்' சத்தத்தில் துருப்பிடிப்பு விடும். பிறகு தளர்த்துங்கள். பிடிவாதம் பிடித்தால் நட்டைச் சூடுபடுத்தலாம், பெட்ரோலும் ரப்பரும் பக்கத்தில் இல்லையென்றால். கழற்றிய ஒவ்வொன்றும் எழுதிய பைக்குள். "முன் இடது மட்கார்டு, உள்பக்கம், மேல் மூன்று" என்று எழுதுங்கள். "மட்கார்டு" என்று மட்டும் எழுதினால் ஆறு மாதத்தில் அது புதிராகிவிடும்.

சின்ன இரும்புப் பாகங்களுக்குச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் மின்பகுப்பு, அதாவது மின்சாரம் பாய்ச்சித் துருவை நீக்குவது, நன்றாக வேலை செய்யும். பாகம் சார்ஜரின் நெகட்டிவில், பழைய இரும்புத் துண்டு பாசிட்டிவில். துருப்பிடிக்காத எஃகைப் பாசிட்டிவில் போடாதீர்கள், நச்சுக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வாயு வரும், ஆகவே வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள், முகமூடியோடு. பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். அதில் குளோரின் சேர்மம் இருந்தால் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாகும். துத்தநாகம் பூசிய தகட்டில் வெல்டிங் வைக்கும் முன் ஓரத்தின் பூச்சைத் தேய்த்தெடுங்கள், இல்லையேல் இரவில் காய்ச்சல் வரும்.

கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகட்டையோ தரையையோ வெட்டப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பியை வைத்து இறுக்கிப் பிணைத்துவிடுங்கள். அந்தத் தகடுதான் கேபினை நேராகப் பிடித்திருக்கிறது. வெட்டியதும் கேபின் சில மில்லிமீட்டர் உட்கார்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் சேராது. கதவைக் கழற்றாமல் மாட்டியே வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் மூடிப் பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள். ஒரு பக்கம் முழுக்க முடிந்தபிறகு மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டினால் எதை வைத்து அளப்பது?

பற்றவைக்கும்போது நீளமாக இழுக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் தகடு சூட்டில் அலை அலையாகிவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர்முனையில், கை வைக்க முடியும் அளவுக்கு ஆறியபின் இன்னொன்று. தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள், தரைவிரிப்பையும் சீட்டையும் வெளியே எடுங்கள், முடித்து ஒரு மணி நேரமாவது பக்கத்திலேயே இருங்கள், பழைய பஞ்சு மெதுவாகப் புகைந்து பிறகு பற்றும். வெல்டிங் முடிந்ததும் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீலர், பெட்டித் தகட்டுக்குள் நீளக் குழாய் வழியாக மெழுகு. அடியில் தண்ணீர் வடியும் துளைகளைச் சீலரால் அடைத்துவிடாதீர்கள், கம்பெனி அவற்றை வேண்டுமென்றே வைத்தது.

பிறகு சீட்டைத் திரும்ப மாட்டுங்கள். அந்த வாரம் கொஞ்சம் ஓட்டுங்கள், பிரைமர் நிறத்து மூலையோடு. நோட்டில் அடுத்த வரியைப் பார்க்க அதுவரை பொறுக்கலாம்.